காங்கேசன்துறையில் இறங்கி ஒரு பகல்: பார்வை குறைந்தவனை அழைத்துப் போகத் தெரிந்த வேன்

சுற்றுலாக் கப்பலில் போய், காங்கேசன்துறைத் துறைமுகத்தில் இறங்கி, யாழ்ப்பாணத்தை ஒரு பகல் மட்டும் பார்க்க நானும் என் மனைவியும் உள்ளூர் வேன் ஒன்றை ஓட்டுநரோடு அமர்த்திக்கொண்டோம். காலை எட்டரை முதல் மாலை நாலு மணி வரை. பேசிய தொகை 18,000 இலங்கை ரூபாய். சாப்பாடும் கோயில் செலவும் தனி. எனக்குக் கண்பார்வை மிகக் குறைவு. என்னைப் போன்றவர்கள் இந்த வேனை நம்பிப் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன். கிளம்புவதற்கு முன் நான் எவ்வளவோ தேடியும் இப்படி ஒரு குறிப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் என் கண்ணைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். எனக்கு இருப்பது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. விழித்திரையின் ஓரங்களிலிருந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும் பரம்பரை நோய். இளவயதில் மாலைக்கண்ணாகத் தொடங்கியது. சீர்காழித் தபால் நிலையத்தில் 31 ஆண்டு வேலை பார்த்தேன்; கடைசிப் பத்து ஆண்டு கடிதங்களைக் கையால் தடவித்தான் அடுக்கினேன். இப்போது நேர் எதிரே இருப்பது மட்டும் புட்டுக் குழலுக்குள் பார்ப்பது போலத் தெரியும். எதிரில் நிற்பவரின் முகம் தெரியும், அவர் நீட்டும் கை தெரியாது. தூரத்துக் கோபுரக் கலசம் தெரியும், காலடியில் இருக்கும் படி தெரியாது. வெயிலிலிருந்து நிழலுக்குள் போனால் நாலைந்து நிமிடம் எல்லாமே இருட்டு. வெள்ளைக் கோல் வைத்திருப்பவன் கலசத்தைக் காட்டி "அழகா இருக்கு" என்று சொன்னால், பக்கத்தில் நிற்பவர்கள் நான் நடிக்கிறேன் என்று நினைக்கிறார்கள். நடிப்பில்லை. பார்வைக் குறைவு என்பது ஆளுக்கு ஆள் வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு கப்பலில், வேறொரு நாட்டில், கப்பல்காரர்களே ஏற்பாடு செய்த பஸ்ஸில் கரைச் சுற்றுலா போனோம். நாற்பது பேர். வழிகாட்டி ஒரு குச்சியில் துணியைக் கட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினார். அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு நடப்பதுதான் அங்கே விதி. இரண்டாவது இடத்திலேயே "சார், இங்கே படி அதிகம், நீங்கள் பஸ்ஸிலேயே இருந்துவிடுங்கள்" என்றார்கள். மூன்று மணி நேரம் ஏசி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவியும் எனக்காக இறங்கவில்லை. கொடுத்த காசைவிட அவள் இறங்காததுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. அதனால் இந்தத் தடவை கூட்டத்தோடு போவதில்லை என்று முன்பே முடிவு செய்துவிட்டேன்.

இதில் ஒரு கவனம் வேண்டும். கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். நாமாக வண்டி பிடித்துப் போனால் காத்திருக்காது. ஆகவே கப்பலுக்குத் திரும்ப வேண்டிய கடைசி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே துறைமுக வாசலில் நிற்க வேண்டும் என்று வேன்காரர்களிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டேன்.

பதிவு செய்தது வாட்ஸாப் குரல் செய்தியில். எழுதுவதைவிட எனக்கு அதுதான் வசதி. என் நிலையைச் சொல்லி, எங்கெங்கே எத்தனை படி, கைப்பிடி உண்டா, ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கி எங்களோடு நடந்து வருவாரா என்று கேட்டேன். மறுநாளே பதில் குரல் செய்தி வந்தது, நாலு நிமிடத்துக்கு மேல் நீளம். ஓட்டுநரே பேசியிருந்தார். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, "ஐயா, ஒரு நாளைக்கு ஆறு இடம் எண்டு எல்லாரும் கேப்பினம். உங்களுக்கு நாலு காணும். ஆறுதலாப் பாப்பம்" என்றார். காணும் என்றால் போதும் என்று அர்த்தம். நயினாதீவைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னதும் அவர்தான். குறிகட்டுவான் வரை ஓடி, அங்கிருந்து படகேறித் திரும்ப நேரம் போதாது. படகில் ஏறி இறங்குவதும் உங்களுக்குச் சிரமம் என்று காரணமும் சொன்னார். வியாபாரத்தைக் குறைத்துக்கொண்டு உண்மை சொல்கிறவர் என்று அப்போதே நம்பிக்கை வந்தது.

துறைமுக வாசலுக்கு வெளியே ஓட்டுநர் காத்திருந்தார். வந்தவுடன் ஒரு தவறு செய்தார். என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம், "அம்மா, ஐயா முன் சீற்றில இருப்பாரோ?" என்று கேட்டார். இது எனக்குப் பழகிப்போன ஒன்று. கடையில், மருத்துவமனையில், கல்யாண வீட்டில் எல்லாரும் செய்வது. "தம்பி, காது நல்லா கேக்கும், என்னையே கேளுங்க" என்றேன். உடனே, "மன்னிச்சுக் கொள்ளுங்கோ ஐயா" என்றார். அதன் பிறகு அந்த நாள் முழுவதும் ஒரு கேள்விகூட என்னைத் தாண்டி அவளிடம் போகவில்லை.

என் கையைப் பிடித்து இழுக்காமல் தன் முழங்கையைப் பிடிக்கச் சொன்னார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அவருடைய அப்பம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் கண் தெரியாதாம். சிறுவயதில் அவரைக் கோயிலுக்குக் கூட்டிப் போவது இவர் வேலையாம். முழங்கையைப் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் நடந்தால், முன்னவர் ஏறும்போதும் இறங்கும்போதும் அவருடைய உடம்பே நமக்குச் சேதி சொல்லிவிடும். கையைப் பிடித்து இழுத்தால் நாம்தான் முதலில் பள்ளத்தில் விழுவோம். பார்வை குறைந்தவர்களோடு வெளியூர் போகிறவர்கள் இதை ஒன்றையாவது வீட்டில் பழகிக்கொண்டு போங்கள்.

முதலில் கீரிமலை. துறைமுகத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். நகுலேஸ்வரம் சிவன் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கேணிக்குப் போனோம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் கேணி தனித்தனி. நான் பயந்த இடம் இதுதான், ஏனென்றால் மனைவி என்னோடு வர முடியாது. தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். "ஐயா, இனி இறக்கம். கால் வழுக்கும். இடக்கைப் பக்கம் சுவர் இருக்கு, பிடியுங்கோ. ஒண்டு... ரெண்டு... இந்தப் படி கொஞ்சம் உயரம் கூட." ஒவ்வொரு படியையும் நான் கால் வைப்பதற்கு முன்னால் சொன்னார். கால் வைத்த பிறகு "பார்த்து, பார்த்து" என்று கத்துவதுதான் மற்றவர்கள் வழக்கம். அப்போது சொல்லி என்ன பயன்?

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் கடல் மோதுகிற சத்தம், முகத்தில் உப்புக் காற்று, ஆனால் உதட்டில் பட்ட தண்ணீரில் உப்பு இல்லை. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. நிலத்துக்கடியில் சுண்ணாம்புக்கல். பெய்யும் மழை அதற்குள் இறங்கி, அடியாலேயே ஓடி, இப்படிக் கடலோரத்தில் ஊற்றாக வருகிறது. கீரி முகத்தோடு இருந்த முனிவர் இங்கே நீராடித்தான் மனித முகம் பெற்றார் என்ற கதையையும் தம்பி சொன்னார். கண் நன்றாகத் தெரிகிறவர்கள் அங்கே கடலைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கழுத்து வரை அமிழ்ந்து, காலுக்கடியில் குளிர்ந்த நீர் ஒரு பக்கத்திலிருந்து மெல்லத் தள்ளுவதை உணர்ந்துகொண்டு நின்றேன். கால் மணி நேரம் நின்றிருப்பேன். தம்பி ஒருமுறைகூட நேரமாகிறது என்று சொல்லவில்லை. சம்பந்தர் எங்கள் சீர்காழியில் பிறந்தவர். கோணமலையையும் கேதீச்சரத்தையும் பாடினாரே, இந்த ஊற்றையும் பாடியிருக்கக் கூடாதா என்று தோன்றியது.

அங்கிருந்து காங்கேசன்துறை வீதி வழியாக யாழ்ப்பாணம். இருபது கிலோமீட்டர்கூட வராது. வழியில் வந்த ஊர்களையெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டினார். மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில். இணுவில் என்றதும் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொன்னேன். தவில்காரர்களின் ஊர். தெட்சணாமூர்த்தியின் தவில் ஒலிப்பதிவைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது வேலி, மதில், பனை, மறுபடி வேலி. அதுவே போதுமாக இருந்தது. ஜூன் மாதம் என்பதால் காற்று வேனையே அசைத்தது. சோளகம் என்றார். தென்மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு அங்கே அந்தப் பெயர்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்கு உச்சிப் பூசைக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். இங்கே பூசை மணி தப்பாது என்று கேள்விப்பட்டிருந்தேன், உண்மை. கோயில் மதிலில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய உதவி. பட்டை இல்லாத மதில் வெயிலில் கரைந்துபோகும். பட்டை இருந்தால் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியும். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாசலிலேயே தம்பி நிறுத்தினார். "ஐயா, உள்ளுக்கை இருட்டு. உங்கட கண் பழகுமட்டும் இதிலை நிப்பம்." நான் அவரிடம் அதைச் சொல்லியிருந்தது ஒரே ஒரு தடவை, குரல் செய்தியில். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தூணில் சாய்ந்து ஐந்து நிமிடம் நின்றோம். எங்களைக் கடந்து போனவர்கள் யாரும் இடிக்கவில்லை. வெறும் உடம்பில் காற்று எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, கூட்டம் எந்தப் பக்கம் நெருக்கம் என்று நன்றாகத் தெரிந்தது. அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய்தான்.

மணி அடித்தது. நாதசுரமும் தவிலும் எழுந்தன. எனக்கு முன்னால் நின்றவரிடம் தம்பி ஏதோ மெல்லச் சொன்னார். அவர் ஒதுங்கி வழிவிட்டார். தம்பி என் தோளைப் பிடித்து இரண்டு விரற்கடை இடப்பக்கம் திருப்பினார். கற்பூர ஒளி நேராக என் குழலுக்குள் வந்தது. அதற்குப் பின்னால் வேல். சுற்றிலும் இருட்டு, நடுவில் சுடர். என் கண் முழுதாகப் பார்க்கக்கூடிய காட்சி உலகத்தில் இது ஒன்றுதான். கண் நன்றாக இருப்பவர்கள் எதைப் பார்த்தார்களோ அதையே, ஒன்றும் குறையாமல், நானும் பார்த்தேன். மனைவி பக்கத்தில் அழுதுகொண்டிருந்தாள். அந்த இரண்டு விரற்கடைக்காகவே 18,000 ரூபாய் கொடுக்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மரக்கறிக் கடை. மரக்கறி என்றால் அங்கே சைவச் சாப்பாடு. வாழையிலையில் போட்டார்கள். கப்பலின் பஃபே சாப்பாடு எனக்குப் பெரும்பாடு. எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது, வரிசையில் பின்னால் நிற்பவருக்கு அவசரம். இலை அப்படியில்லை. நுனி இடப்பக்கம், உப்பும் ஊறுகாயும் மேலே ஓரத்தில், சோறு நடுவில் கீழே. ஐம்பது ஆண்டாகக் கைக்குத் தெரிந்த வரைபடம். பரிமாறியவர் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வைத்தார்: கத்தரிக்காய்ப் பால்கறி, கீரை, தேங்காய்ச் சம்பல், பொரித்த மோர்மிளகாய். கடைசியில் ரசத்துக்கு முன் சொதி. மஞ்சள் போட்ட தேங்காய்ப்பால், புளிப்பு மெலிதாக. இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். சாப்பாட்டுக்குப் பிறகு கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வெட்டித் தந்தார்கள். மாம்பழம் எங்கள் பக்கமும் உண்டு, ஆனால் இந்த வாசனை இல்லை.

பொது நூலகத்துக்கு நான்தான் போக வேண்டும் என்றேன். அச்செழுத்து படிக்க முடியாதவனுக்கு நூலகத்தில் என்ன வேலை என்று மனைவி கேட்கவில்லை, அவளுக்குத் தெரியும். 1981 மே 31 இரவு அது எரிக்கப்பட்டபோது எனக்கு 19 வயது. சுமார் 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள் உட்பட. சீர்காழியில் செய்தித்தாளில் அந்தச் செய்தியை நானே படித்தேன், அப்போது பொடி எழுத்தும் தெரியும். 1959இல் திறந்த அந்தக் கட்டடத்துக்கு ஆலோசனை சொன்னவர் எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகவியலின் தந்தை என்கிறார்களே, அவர் சீர்காழியில் பிறந்தவர். ஊர்க்காரர் யோசனை சொன்ன கட்டடம் என்ற உரிமையோடுதான் போனேன்.

வெள்ளைக் கட்டடம். மதிய வெயிலில் என் கண்ணுக்கு அது ஒரே பளீர், உருவம் எதுவும் இல்லை. தம்பி என்னைச் சரஸ்வதி சிலைக்கு முன்னால் நிறுத்தி, கட்டடத்தை வாயால் வரைந்தார்: நடுவில் குவிமாடம், இரண்டு பக்கமும் எத்தனை ஜன்னல், எந்த மூலையில் மர நிழல். உள்ளே போய்ப் படிக்கும் கூடத்தின் ஓரத்தில் சற்று நேரம் நின்றோம். தாள் புரளும் சத்தம், மின்விசிறி, யாரோ நாற்காலியைத் தூக்கி வைக்கும் சத்தம். இழுத்தால் சத்தம் வருமென்று தூக்கி வைக்கிறார்கள். பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது ரங்கநாதனின் விதிகளில் ஒன்று. நான் இப்போது புத்தகங்களைக் காதால் படிக்கிறேன். 2003இல் மறுபடி திறந்த இந்தக் கூடத்தில், மூச்சை அடக்கிக்கொண்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

கோட்டையை அரைகுறையாகத்தான் பார்த்தோம், அது சரியான முடிவு. போர்த்துக்கீசர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, ஐந்து முனையாக மாற்றிக் கட்டியது. வாசல் ஒரு குகை மாதிரி. வெயிலிலிருந்து திடீரென்று இருட்டு, அதைத் தாண்டினால் திடீரென்று வெயில். என் கண்ணுக்கு இரண்டும் ஆகாது. தம்பி குகைக்கு முன்னும் பின்னும் நிறுத்தி நிறுத்திக் கூட்டிப் போனார். கொத்தளத்தின் மேல் விளிம்பில் தடுப்பு இல்லை, காற்றும் பலமாக இருந்தது. "மேல போகலாம் ஐயா, நான் கூட்டிக்கொண்டு போவன். ஆனா இந்தக் காத்துக்கு எனக்கு விருப்பமில்லை" என்றார். முடியாது என்று சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார், முடிவை என்னிடம் விட்டார். நான் வேண்டாம் என்றேன். மனைவியை மட்டும் ஏறிப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். பஸ்ஸில் எனக்காக உட்கார்ந்திருந்தவள், இந்தத் தடவை மேலே போய் கடலேரியைப் பார்த்தாள். அதுவரை நான் கீழே மதிலைத் தடவிக்கொண்டிருந்தேன். பவளக் கல். விரலை வைத்தால் சின்னச் சின்னக் குழிகள், சில இடத்தில் பூ மாதிரி வரிசையாக. கடலில் வளர்ந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பும் வழியில் சந்தையில் பனங்கட்டிக் குட்டான் வாங்கினோம். பனையோலையில் பின்னிய கைக்கடக்கமான குட்டிக் கூடை, உள்ளே கருப்பட்டி. கடைக்கார அம்மா ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்து, "இது நெருக்கமாப் பின்னினது, இது ஐதாப் பின்னினது, தடவிப் பாருங்கோ" என்றார். காசு கொடுக்கவும் சிரமமில்லை. இலங்கை நோட்டுகள் மதிப்பு கூடக் கூட நீளம் கூடும், ஓரத்தில் தடவிப் பார்க்கப் புள்ளிகளும் உண்டு. அஞ்சலகக் கை அதை அரை நாளில் பழகிக்கொண்டது.

குறைகளும் உண்டு. வேனின் முதல் படி மிக உயரம், அதில் கறுப்பு ரப்பர், கீழே தாரும் கறுப்பு. எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் முழங்காலை இடித்துக்கொண்டேன், மாலைக்குள் வீங்கிவிட்டது. ஏறும் இடத்தில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இல்லை. ஓட்டும்போது பாட்டைச் சத்தமாக வைத்தார். காதை நம்பி இருப்பவனுக்கு அது கண்ணைக் கட்டுவது போல. சொன்னவுடன் நிறுத்தினார், ஆனால் சொல்ல வேண்டியிருந்தது. கழிவறை எங்கே என்பதை முன்கூட்டியே விசாரித்து வைக்கவில்லை. கோட்டைப் பக்கம் அலைந்தோம். இரண்டு மணிக்கு மேல் வெயிலில் எனக்குக் கண் கூசித் தலைவலி வந்துவிட்டது. நூலகத்தையும் கோட்டையையும் காலையில் வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் நல்லூர்ப் பூசை நேரம் அதற்கு இடம் தரவில்லை. பழுப்புக் கண்ணாடியும் விளிம்பு அகலமான தொப்பியும் இல்லாமல் ஜூனில் போகாதீர்கள்.

மூன்றரைக்கெல்லாம் துறைமுக வாசலுக்கு வந்துவிட்டோம். அதற்கு மேல் வேன் போக முடியாது. உள்ளே கூட்டிப் போக வந்த ஊழியரிடம் தம்பி என்னை ஒப்படைத்த விதத்தை மறக்க மாட்டேன். "ஐயாவைக் கையில பிடிச்சு இழுக்காதேங்கோ, உங்கட முழங்கையை அவர் பிடிப்பார். படிக்கு முன்னாலையே சொல்லுங்கோ" என்றார். அந்த ஊழியர் அப்படியே செய்தார்.

ஊர் திரும்பியதும் குறைகளை எல்லாம் குரல் செய்தியில் அனுப்பினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. வேனுக்குள் கைப்பிடி வைக்கச் சொல்லியிருக்கிறார்களாம். ஏறுவதற்குப் பலகையில் ஒரு படி செய்து பின்னால் போட்டாயிற்றாம், ஓரத்தில் மூன்று விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து.